எண்ணெய் உண்டு, ஏற்றம் இல்லை!

காரகாஸ் — வெனிசுலா நாட்டின் தலைநகரம். அந்த நகரிலே ஒரு வீடு; வீட்டையொட்டி ஒரு தோட்டம். தோட்டத்திலே மோட்டார் கார் ஒன்று நிற்கிறது. ஓடுகிற கார் அல்ல. துருப்பிடித்து, செடிகொடி படர்ந்து, அசைவற்றுக் கிடக்கும் கார். வீட்டுக்குரியவர் அதைப் பழுது பார்க்கவும் இல்லை, பழைய இரும்புக்காரருக்குப் போடவும் இல்லை. வருவோர் போவோர் கண்ணில் படட்டும் என்றே நிறுத்தி வைத்திருந்தார்.

ஏன் தெரியுமா? கப்பலிலே வந்திறங்கிய அந்தக் காரைத் துறைமுகத்திலிருந்து ஓட்டி வந்தவர், எஞ்சினிலே எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சொட்டு எண்ணெய் கூட இல்லாத எஞ்சின், வழியிலேயே சூடேறிக் கெட்டது. உலகுக்கெல்லாம் எண்ணெய் வழங்கும் நாடு. அந்த நாட்டின் எண்ணெய்த் துறையையே ஆண்டவரின் கார். அது கெட்டதோ எண்ணெய் இல்லாமல்! கேட்பவருக்குச் சிரிப்பு வரும். அவருக்குச் சிரிப்பு வரவில்லை; சிந்தனை வந்தது. கையிலே வளம் இருந்தும் கவனம் இல்லாவிட்டால், கார் என்ன, நாடே இப்படித்தான் நின்றுவிடும் என்று எண்ணினார். அந்த எண்ணத்துக்கு அடையாளமாகவே துருப்பிடித்த காரைத் தோட்டத்திலே நிறுத்தினார்.

அவர்தாம் ஜுவான் பாப்லோ பெரஸ் அல்போன்சோ. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் தந்தை என்று உலகம் போற்றும் பெரியவர். 1979ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் மறைந்தவர்.

மறைந்தவரைப் பற்றி இன்று ஏன் பேச்சு என்று கேட்பீர்கள். சொல்லுகிறோம். பூமிக்கடியிலே ஏறத்தாழ 30,000 கோடிப் பீப்பாய் எண்ணெய் வைத்திருக்கும் நாடு வெனிசுலா. உலகிலே வேறெந்த நாடும் கணக்குக் காட்டாத அளவு அது. அந்த நாட்டிலிருந்துதான், 2014ஆம் ஆண்டுக்குப் பிறகு, 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சோறு தேடி, மருந்து தேடி, வேலை தேடி எல்லை கடந்தார்கள். கால்நடையாகக் கடந்தவர்கள் பலர். கைக்குழந்தையோடு கடந்தவர்கள் பலர். எண்ணெய் விலை விழுந்தது, நாடும் விழுந்தது. இப்படி ஆகும் என்று, விலை விண்ணை முட்டிய காலத்திலேயே எடுத்துச் சொன்னவர் அல்போன்சோ. அதனால்தான் அவர் வரலாற்றை நமது தோழர்கள் அறிய வேண்டும் என்கிறோம்.

ஏரிக்கரையிலே பீறிட்டது

அல்போன்சோ பிறந்தது 1903ஆம் ஆண்டு, காரகாஸ் நகரிலே. வசதியான குடும்பம். மருத்துவம் படிக்க அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகருக்கு அனுப்பினார்கள். குடும்பம் நொடித்தது, படிப்பைப் பாதியிலே விட்டு ஊர் திரும்பினார். தம்பி தங்கையரைத் தாங்கும் பொறுப்பு அவர் தோளிலே விழுந்தது. பிறகு சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். நல்ல நிலையிலிருந்த குடும்பம் நொடித்துப் போவது எப்படி என்பதை இளமையிலேயே கண்டவர் அவர். பின்னாளில் ஒரு நாடே அப்படி நொடிக்கக்கூடும் என்று அவர் அஞ்சியதிலே வியப்பில்லை.

அப்போது நாட்டை ஆண்டவர் கோமஸ் என்ற சர்வாதிகாரி. 1908ஆம் ஆண்டிலிருந்து 1935ஆம் ஆண்டு சாகும் வரை, நாட்டைத் தன் சொந்தப் பண்ணைபோல் நடத்தியவர். காப்பியும் கொக்கோவும்தான் அன்றைய வெனிசுலாவின் விளைபொருள்கள். 1922ஆம் ஆண்டு டிசம்பரிலே, மராகைபோ ஏரிக்கரையிலுள்ள கபிமாஸ் என்ற ஊரிலே ஒரு கிணறு வெடித்துக் கிளம்பியது. நாளுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பீப்பாய் என்ற கணக்கிலே, ஒன்பது நாட்கள், அடக்குவாரின்றிப் பீறிட்டது எண்ணெய். உலகத்துக் கம்பெனிகளெல்லாம் ஓடிவந்தன. ஷெல் வந்தது, ஸ்டாண்டர்டு ஆயில் வந்தது, கல்ப் வந்தது. கோமசின் உறவினரும் நண்பரும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கம்பெனிகளுக்குக் கைமாற்றிக் கொழுத்தார்கள். எண்ணெய்ச் சட்டத்தை வகுக்கும்போதே கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் பக்கத்திலே இருந்தார்கள். திருடனைக் கேட்டுப் பூட்டு வாங்கியதுபோல!

1920ஆம் ஆண்டுகள் முடிவதற்குள், உலகிலே மிகுதியாக எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடாகிவிட்டது வெனிசுலா. ஏற்றுமதி ஏறியது, காப்பித் தோட்டம் காய்ந்தது. இது எப்படி என்று தொழிலாளத் தோழர்கள் கேட்கலாம். எண்ணெய்க்கு டாலர் வந்து குவியக் குவிய, நாட்டின் நாணயமான பொலிவாரின் மதிப்பு ஏறுகிறது. நாணய மதிப்பு ஏறினால், வெளிநாட்டுப் பண்டம் உள்ளூரிலே மலிவாகக் கிடைக்கிறது. உள்ளூர்ப் பண்டம் வெளிநாட்டிலே விலை போகாமல் தேங்குகிறது. உழுகிறவன் நட்டப்படுகிறான், கப்பலிலே கோதுமை இறக்குகிறவன் லாபம் அடைகிறான். உழுதவன் கலப்பையைப் போட்டுவிட்டு ஏரிக்கரைக்கு வேலை தேடிப் போகிறான். எண்ணெய்க் கிணற்றுக்கோ ஆயிரக்கணக்கிலே ஆட்கள் போதும், லட்சக்கணக்கிலே தேவையில்லை. ஆக, நாட்டுக்குப் பணம் வருகிறது. நாட்டாருக்கு வேலை வரவில்லை.

ஏரிக்கரைத் தொழிலாளர்கள் என்ன பெற்றார்கள்? கோமஸ் இறந்த மறு ஆண்டு, 1936 டிசம்பரிலே, அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பட்டினியும் உறுதியுமாக நின்றார்கள். 1937 ஜனவரியிலே அரசு தலையிட்டு, நாளைக்கு ஒரு பொலிவார் கூலி உயர்வு என்று ஆணையிட்டு, வேலைக்குத் திரும்பச் செய்தது. ஒரே ஒரு பொலிவார்! கோடிகளை அள்ளிய கம்பெனிகளிடமிருந்து அதைப் பெறவே அவ்வளவு பாடு! ஆனால் அந்தப் போராட்டம்தான், எண்ணெய் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நாடு முழுவதும் எழுப்பியது.

பாதிக்குப் பாதி

1941ஆம் ஆண்டு ஜனநாயகச் செயல் கட்சி தோன்றியது. ரோமுலோ பெத்தன்கூர் தலைவர். அல்போன்சோ அதன் தொடக்க காலத் தோழர்களில் ஒருவர். மேடையிலே முழங்குகிறவர் அல்லர் அல்போன்சோ. கணக்கேட்டைப் புரட்டுகிறவர், கம்பெனி காட்டும் லாபத்துக்கும் மறைக்கும் லாபத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கிறவர். 1943ஆம் ஆண்டு புதிய எண்ணெய்ச் சட்டம் வந்தது. ஆறில் ஒரு பங்கு நாட்டுக்கு உரிமைப் பங்கு, அதோடு வருமான வரி என்றார்கள். முன்பிருந்ததைவிட நல்ல சட்டம் என்று பலர் மகிழ்ந்தார்கள். அல்போன்சோ மட்டும் சட்டமன்றத்திலே எழுந்து, கணக்கை விரித்து, சொல்லுகிற பாதி நாட்டுக்கு வந்து சேராது என்று காட்டினார். அதே சட்டம் கம்பெனிகளின் குத்தகையை இன்னும் 40 ஆண்டுகளுக்கு நீட்டியதையும் எடுத்துக் காட்டினார்.

1945 அக்டோபரிலே ஆட்சி மாறியது. இளம் இராணுவ அதிகாரிகளும் ஜனநாயகச் செயல் கட்சியும் சேர்ந்து பழைய ஆட்சியைக் கவிழ்த்தார்கள். எண்ணெய்த் துறையையும் தன்னுள் கொண்டிருந்த வளர்ச்சித் துறை அமைச்சர் ஆனார் அல்போன்சோ. முன்பு எதிர்க்கட்சி வரிசையிலே இருந்து கேட்ட கேள்விகளுக்கு இப்போது தாமே விடை எழுத வேண்டிய நிலை. எழுதினார். புதுக் குத்தகை கிடையாது என்றார். உரிமைப் பங்கைப் பணமாக மட்டுமின்றி எண்ணெயாகவே வாங்கி, கம்பெனிகளின் தயவின்றி நேரே உலகச் சந்தையிலே விற்றுக் காட்டினார். எண்ணெய் விற்கும் வித்தை தங்களுக்கு மட்டுமே தெரியும் என்று கம்பெனிகள் கட்டிவைத்திருந்த கதை அன்று கலைந்தது. 1948 நவம்பரிலே, லாபத்திலே பாதி நாட்டுக்கு வந்தே தீர வேண்டும் என்று சட்டமும் ஆக்கினார்கள்.

சட்டமான சில நாட்களுக்குள், நவம்பர் 24ஆம் நாள், இராணுவம் ஆட்சியைப் பறித்தது! மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர், நாவலாசிரியர் ரோமுலோ காயேகோஸ், நாடு கடத்தப்பட்டார். அல்போன்சோ சிறைக்குச் சென்றார். பிறகு வெளிநாட்டுக்குச் சென்றார். ஆனால் அவர் மூட்டிய நெருப்பு அணையவில்லை. பாதிக்குப் பாதி என்ற ஏற்பாட்டை 1950ஆம் ஆண்டு சவூதி அரேபியா பெற்றது. அடுத்து குவைத், ஈராக் என்று பரவியது.

அயலூரிலே கற்ற பாடம்

பத்தாண்டுக் காலம் நாடு கடந்த வாழ்வு. முதலில் வாஷிங்டன், பிறகு மெக்சிகோ. கையிலே காசு குறைவு; குடும்பம் பெரிது. அந்த நிலையிலும் நூலகத்திலே உட்கார்ந்து எண்ணெய்த் தொழிலைப் பற்றிய ஏடுகளையெல்லாம் படித்தார். படித்ததிலே அவர் கண்ணைத் திறந்தது எது? மார்க்சிய நூலா? இல்லை. முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நடைமுறை!

1930ஆம் ஆண்டு, கிழக்கு டெக்சாசிலே பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆளுக்கு ஆள் கிணறு தோண்டி, ஒருவரை ஒருவர் முந்தி இறைத்தார்கள். எண்ணெய் பெருகியது, விலை பீப்பாய்க்கு 10 சென்ட் என்று சரிந்தது. 1931ஆம் ஆண்டு இராணுவத்தை அனுப்பிக் கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. பிறகு அங்கே ரயில்வே ஆணையம் என்ற பெயரிலிருந்த அமைப்பு, எந்தக் கிணற்றிலே நாளுக்கு எவ்வளவு இறைக்கலாம் என்று அளந்து கொடுத்தது. விலை நிலைத்தது, தொழில் பிழைத்தது.

அல்போன்சோ எண்ணினார். தன் வீட்டு எண்ணெய்க்கு அளவு வைத்து விலையைக் காக்கிறது அமெரிக்கா. அதைப் பார்த்து எவரும் தவறு என்று சொல்லவில்லை. அப்படியானால், எண்ணெய் விற்றே பிழைக்கும் ஏழை நாடுகள் கூடி அதையே செய்தால் என்ன தவறு? ஒபெக் என்ற மரத்துக்கு விதை அந்த நூலகத்திலே விழுந்தது.

விலை விழுந்தது, வேலை போனது

இதற்கிடையே வெனிசுலாவிலே என்ன நடந்தது? பெரஸ் ஜிமெனஸ் என்ற தளபதி சர்வாதிகாரி ஆனார். நெடுஞ்சாலை, மாளிகை, மலை உச்சியிலே ஓட்டல்! வெளியிலிருந்து வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். சூயஸ் கால்வாய் நெருக்கடியால் 1956, 1957ஆம் ஆண்டுகளில் எண்ணெய்க்குக் கிராக்கி. அந்த நேரம் பார்த்துப் புதுக் குத்தகைகளை ஏலம்போல் விற்றுப் பணம் திரட்டினார் தளபதி. 1958 ஜனவரி 23ஆம் நாள் மக்கள் கிளர்ச்சிக்கு அஞ்சி விமானமேறி ஓடினார். விட்டுச் சென்றது வெறும் கஜானாவும், தீர்க்க வேண்டிய கடனும்.

1959 பிப்ரவரியிலே பெத்தன்கூர் குடியரசுத் தலைவர் ஆனார். அல்போன்சோ, சுரங்க, எண்ணெய்த் துறை அமைச்சர். நாடு திரும்பினார், காரும் கப்பலிலே வந்தது — நாம் தொடக்கத்திலே சொன்ன அதே கார்!

ஆட்சிக்கு வந்த வேளையோ கெட்ட வேளை. சூயஸ் திறந்துவிட்டது. வளைகுடா எண்ணெய் வெள்ளமெனப் பாய்ந்தது. ரஷ்யாவும் மலிவு விலையிலே விற்றது. 1959 பிப்ரவரியிலே, பிரிட்டிஷ் பெட்ரோலியம் கம்பெனி யாரையும் கேளாமல் விலையைக் குறைத்தது. மார்ச்சு மாதம், வெளிநாட்டு எண்ணெய் இவ்வளவுதான் வரலாம் என்று அமெரிக்கா வரம்பு கட்டியது. பக்கத்திலிருக்கும் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் விலக்குக் கிடைத்தது, வெனிசுலாவுக்கு இல்லை. அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கென்று ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்று அல்போன்சோ வாஷிங்டனிடம் கேட்டுப் பார்த்தார். கதவு திறக்கவில்லை.

விலை 10 சென்ட் குறைந்தால் என்ன கெட்டது என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று வெனிசுலா இறைத்தது நாளுக்கு ஏறத்தாழ 28 லட்சம் பீப்பாய். பீப்பாய்க்கு 10 சென்ட் குறைந்தால், ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் நட்டம். அதிலே பாதிக்கு மேல் நாட்டின் பங்கு. ஏதோ ஓர் ஊரிலே, ஏதோ ஒரு கம்பெனியின் அறையிலே, நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு தாளிலே கையெழுத்திடுகிறார்கள். இங்கே ஐந்து கோடி டாலருக்குக் கட்ட இருந்த பள்ளிக்கூடம் நிற்கிறது, மருத்துவமனை நிற்கிறது, அணைக்கட்டு நிற்கிறது! ஏற்றுமதியிலே 100க்கு 90க்கு மேல் எண்ணெய். அரசு வருமானத்திலே பாதிக்கு மேல் எண்ணெய். அப்படிப்பட்ட நாட்டுக்கு 10 சென்ட் என்பது 10 சென்ட் அல்ல. அடி வயிற்றிலே அடி!

அடி விழுந்தது. பணக்காரர்கள் தம் பணத்தை டாலராக்கி வெளியே அனுப்பினார்கள். கட்டட வேலை நின்றது. காரகாஸ் குன்றுகளிலே குடிசை போட்டிருந்த உழைப்பாளிகள் வேலையற்று நின்றார்கள். 1960 நவம்பரிலே அந்நியச் செலாவணிக்குக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டு அரசு ஊழியர் சம்பளத்திலேயே கை வைத்தார்கள். அதற்கு எதிர்ப்பு எழுந்தது, எழாமலிருக்குமா? அரசியல் நிலையோ அதைவிட மோசம். ஒரு பக்கம் பழைய தளபதிகளின் சதி. மறு பக்கம் இடதுசாரி இளைஞரின் கொதிப்பு. 1960 ஜூன் 24ஆம் நாள், டொமினிக்கன் நாட்டுச் சர்வாதிகாரி துருஹியோவின் தூண்டுதலால் பெத்தன்கூர் சென்ற காருக்குப் பக்கத்திலே குண்டு வெடித்தது. கைகள் வெந்த நிலையிலும் மறுநாளே மக்களுக்கு முன் தோன்றிப் பேசினார் அவர்.

இந்த நெருக்கடியிலே எண்ணெய் அமைச்சருக்கு இரண்டு குறுக்கு வழிகள் இருந்தன. ஒன்று, தளபதி செய்ததுபோல் புதுக் குத்தகைகளை விற்றுக் கஜானாவை நிரப்புவது. இரண்டு, விலை குறைந்தால் குறையட்டும், கூடுதலாக இறைத்து விற்போம் என்பது. இரண்டையும் மறுத்தார் அல்போன்சோ.

ஏன் மறுத்தார்? எண்ணெய் விற்று வரும் பணம் வருமானமே அல்ல என்பது அவர் கொள்கை. வயலிலே விளைவது வருமானம். அடுத்த ஆண்டும் விளையும். எண்ணெய் அப்படியா? இறைத்தால் போயிற்று. அது விதைநெல், விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிட்டு விளைச்சலைப் பற்றிப் பெருமை பேசுவதா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். அதனால், விலை மலிந்த காலத்திலே கூடுதலாக இறைப்பது, விதைநெல்லைத் தள்ளுபடி விலைக்கு விற்பதாகும் என்று கருதினார். புதுக் குத்தகைக்குப் பதிலாக, 1960ஆம் ஆண்டு நாட்டுக்கே சொந்தமான எண்ணெய் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதே ஆட்சி, அதே ஆண்டிலே நிலச் சீர்திருத்தச் சட்டமும் கொண்டுவந்தது. காயானா பகுதியிலே இரும்பும் மின்சாரமும் வளரத் திட்டமிட்டது. எண்ணெய் தவிர வேறு பிழைப்பும் நாட்டுக்கு வேண்டும் என்ற நோக்கம்.

ஐவர் கூடினர்

1959 ஏப்ரலிலே கெய்ரோவிலே அரபு எண்ணெய் மாநாடு. வெனிசுலா பார்வையாளராகச் சென்றது. அங்கே அல்போன்சோ சந்தித்தவர் சவூதி அரேபியாவின் எண்ணெய்த் துறைத் தலைவர் அப்துல்லா தரீக்கி. டெக்சாசிலேயே படித்தவர், கம்பெனிகளின் கணக்கைக் கண்டு கொதித்தவர். மொழி வேறு, மதம் வேறு, கண்டம் வேறு, சுரண்டல் ஒன்று! மாடி என்ற புறநகரிலே, படகுக் கழகம் ஒன்றிலே, செய்தியாளர் அறியாமல் சில நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். விலை மாற்றம் என்றால் எங்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்ற கருத்தையும், நாடுகள் அடிக்கடி கூடிப் பேச வேண்டும் என்பதையும் எழுதிவைத்துக் கொண்டார்கள்.

அது வெறும் தாளாகவே இருந்திருக்கும். உயிர் கொடுத்தது யார்? கம்பெனிதான்! 1960 ஆகஸ்டிலே, நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி மீண்டும் விலையைக் குறைத்தது. எண்ணெய் நாடுகள் கொதித்தெழுந்தன. செப்டம்பர் 10ஆம் நாள் பாக்தாதிலே கூடி, 14ஆம் நாள் அமைப்பு கண்டார்கள். ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுலா — ஐந்து நாடுகள். அதுதான் ஒபெக்.

அல்போன்சோ தன்னலம் அற்ற தியாகத்துக்காக மட்டும் இதைச் செய்தார் என்று நாம் புகழ மாட்டோம். வளைகுடாவிலே எண்ணெய் எடுக்கும் செலவு குறைவு, வெனிசுலாவிலே அதிகம். விலைப் போட்டி நீடித்தால் முதலில் மூழ்குவது வெனிசுலாதான் என்பதை அவர் அறிவார். ஆனால் தன் நாடு பிழைக்க மற்ற நாட்டைக் கவிழ்ப்பது ஒரு வழி. எல்லோரும் சேர்ந்து பிழைப்பது ஒரு வழி. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தாரே, அங்கேதான் அவர் உயர்ந்து நிற்கிறார். ஆலைக்குள்ளே ஆளுக்கு ஆள் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டால் எல்லோர் அடுப்பும் அணையும் என்பதை நமது தோழர்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. சங்கம் என்பது எதற்கு என்று உழைப்பாளி அறிவான். நாடுகளுக்கு ஒரு சங்கம் கண்டார் அல்போன்சோ.

முழு வெற்றி கிடைத்ததா? இல்லை. டெக்சாஸ் வழியிலே ஒவ்வொரு நாட்டுக்கும் அளவு கட்ட வேண்டும் என்றார் அவர், மற்றவர்கள் இணங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, அறிவித்த விலையைத் தம் விருப்பப்படி குறைக்கும் துணிவு கம்பெனிகளுக்கு வரவில்லை. 1963ஆம் ஆண்டு அல்போன்சோ பதவி விலகினார். பதவியிலே சேர்த்த சொத்து எதுவும் இல்லை. தோட்டமும் துருப்பிடித்த காரும்தான்!

பணம் பெருகியது, பயம் பெருகியது

பத்தாண்டு கழித்து, 1973ஆம் ஆண்டு அரபு இஸ்ரேல் போரையொட்டி எண்ணெய் விலை தாவியது. மூன்று டாலர் அளவிலே இருந்த பீப்பாய், 1974 ஜனவரியிலே 11 டாலரைத் தாண்டியது. வெனிசுலா அரசின் வருமானம் ஓராண்டிலேயே இரு மடங்குக்கு மேல் பெருகியது. அல்போன்சோ கண்ட கனவு பலித்தது. நாடே கூத்தாடியது.

கனவு கண்டவர் மட்டும் கலங்கினார்!

1974ஆம் ஆண்டு பதவியேற்ற கார்லோஸ் ஆந்த்ரெஸ் பெரஸ், அல்போன்சோவின் பழைய கட்சிக்காரர்தான். பெரிய வெனிசுலா காண்போம் என்றார். உருக்கு ஆலை, அலுமினிய ஆலை, புதுப் புது அரசு நிறுவனங்கள், வேலை தேவையோ இல்லையோ ஆள் நியமனம் என்று பணம் பாய்ந்தது. வசதி படைத்தவர் மியாமிக்கு விமானமேறிக் கடைச் சரக்கை அள்ளி வந்தார்கள். வெளிநாட்டு விஸ்கி ஆறாக ஓடியது. வருகிற பணம் போதாதென்று கடனும் வாங்கினார்கள். எண்ணெய் உள்ள வீடல்லவா, வங்கிகள் வாசலிலே வந்து நின்று கடன் கொடுத்தன.

அல்போன்சோ தம் வீட்டிலே இருந்தபடி, தேடி வந்தோரிடமெல்லாம் எச்சரித்தார். எண்ணெயைப் பிசாசின் கழிவு என்று பெயரிட்டு அழைத்தார். அந்தக் கழிவிலே நாடு மூழ்குகிறது என்ற கருத்தையே தலைப்பாக்கி 1976ஆம் ஆண்டு நூலும் வெளியிட்டார். தாங்க முடியாத அளவு பணம் வந்தால், அது உழைப்பைக் கெடுக்கும், ஊழலை வளர்க்கும், கடனிலே மூழ்கடிக்கும் என்றார். மக்களிடம் வரி வாங்கி ஆளும் அரசு, மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்; கிணற்றிலிருந்து பணம் எடுக்கும் அரசு யாருக்குக் கணக்குச் சொல்லும்? அது தவிர, விலை ஏறும்போது தொடங்கிய செலவு, விலை இறங்கும்போது தானாக இறங்குமா? ஆலை பாதியிலே நிற்கும். நியமித்த ஆள் சம்பளம் கேட்பான். கடன்காரன் வட்டி கேட்பான்.

1976 ஜனவரி முதல் நாள் எண்ணெய்த் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. ஊரெல்லாம் விழா. அல்போன்சோவோ, வெளிநாட்டுக் கம்பெனிகள் மீண்டும் நுழையச் சட்டத்திலே சந்து வைத்திருக்கிறார்கள், இது குறையுள்ள நாட்டுடைமை என்றார். வாழ்நாளெல்லாம் எந்த நாளுக்காக உழைத்தாரோ அந்த நாளிலும் உண்மையைச் சொல்லத் தயங்காத உள்ளம்! கிழவருக்கு எதிலும் நிறைவில்லை என்று சிரித்தார்கள். மூன்றாண்டுக்குப் பிறகு, வாஷிங்டன் நகர மருத்துவமனையிலே உயிர் நீத்தார்.

சிரித்தவர்கள் எங்கே?

அவர் மறைந்து நான்காண்டு ஆகவில்லை. விலை சரிந்தது. 1983 பிப்ரவரி 18ஆம் நாள், வெள்ளிக்கிழமை, பொலிவாரின் மதிப்பு வீழ்ந்தது. டாலருக்கு 4 பொலிவார் 30 காசு என்றிருந்த உறுதி உடைந்தது. வெளிநாட்டுக் கடனோ 3,000 கோடி டாலருக்கு மேல். அந்த நாளைக் கறுப்பு வெள்ளி என்று இன்றும் அங்கே சொல்லுகிறார்கள்.

1989ஆம் ஆண்டு, அதே கார்லோஸ் ஆந்த்ரெஸ் பெரஸ் மீண்டும் பதவிக்கு வந்தார். பெட்ரோல் விலை ஏறியது. பஸ் கட்டணம் ஏறியது. பிப்ரவரி 27ஆம் நாள் காலை, வேலைக்குப் புறப்பட்ட ஏழைகள் பஸ் நிலையத்திலேயே வெடித்தெழுந்தார்கள். இராணுவம் சுட்டது; நூற்றுக்கணக்கிலே மாண்டார்கள். பெரிய வெனிசுலா என்று பேசிய அதே வாய், ஊரடங்குச் சட்டம் பிறப்பித்தது!

அந்தக் கொதிப்பிலிருந்து எழுந்தவர் ஹ்யூகோ சாவேஸ். 1999ஆம் ஆண்டு பதவியேற்றார். விலை மீண்டும் ஏறிய ஆண்டுகளிலே ஏழைக்கு மருத்துவம், கல்வி, உணவு என்று செலவிட்டார், வறுமை குறைந்தது, இதை மறைப்பது நியாயமல்ல. ஆனால் எண்ணெயை நம்பி வாழும் வாழ்வை அவரும் மாற்றவில்லை; முன்னிலும் கூடுதலாக நம்பினார். 2002, 2003ஆம் ஆண்டுகளில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, நாட்டின் எண்ணெய் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 18,000 பேர் நீக்கப்பட்டார்கள். தொழில் தெரிந்த கை குறைந்தது. நல்ல காலத்திலே சேமிப்பும் இல்லை. கடன் மட்டும் வளர்ந்தது. 2013ஆம் ஆண்டு சாவேஸ் மறைந்தார். 2014ஆம் ஆண்டு நடுவிலே 100 டாலருக்கு மேல் இருந்த விலை, 2016 ஜனவரியிலே 30 டாலருக்குக் கீழே போயிற்று. 2017லும் 2019லும் அமெரிக்கா விதித்த தடைகள் வெந்த புண்ணிலே வேல் பாய்ச்சின. 1990ஆம் ஆண்டுகளின் முடிவிலே நாளுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் இறைத்த நாடு, 2020ஆம் ஆண்டு சில மாதங்களிலே 5 லட்சம் கூட எட்டவில்லை. மூட்டை நிறைய நோட்டு கொடுத்தாலும் ஒரு கோழி வாங்க முடியாத நிலை 2018ஆம் ஆண்டு வந்தது. எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்திலே பெட்ரோலுக்கு வரிசை! தோட்டத்துக் கார் சொன்ன கதையை நாடே நடித்துக் காட்டியது.

எண்ணெய் இருந்தால் எந்த நாட்டுக்கும் இதே கதியா? அல்ல. நார்வே நாடு 1990ஆம் ஆண்டு சட்டம் செய்து, எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியிலே போட்டு, வருங்காலத் தலைமுறைக்கென்று காத்தது. அங்கேயும் விலை விழுந்ததுண்டு; நாடு விழவில்லை. ஆகவே குற்றம் எண்ணெயிலே இல்லை. விலை ஏறும்போது இறங்கும் காலத்தை எண்ணாத ஆட்சியிலே இருக்கிறது. எண்ணிச் சொன்னவரைப் பரிகசித்த அறியாமையிலே இருக்கிறது.

தோழர்களே! விலை விழுந்தபோது நாட்டை ஆளுவது கடினம் என்கிறார்கள். அல்போன்சோவின் வாழ்வு வேறொன்றைக் காட்டுகிறது. விலை விழுந்தபோது அவர் அஞ்சவில்லை, குத்தகையை விற்கவில்லை, ஐந்து நாடுகளைக் கூட்டினார். விலை ஏறியபோதுதான் அஞ்சினார். மந்த காலத்திலே நாட்டின் நோய் வெளியே தெரிகிறது. நோய் பிடித்தது கொண்டாட்ட காலத்திலே. இதை உணர்ந்த மக்கள், நல்ல காலத்திலேயே ஆளுவோரை நிறுத்திக் கணக்குக் கேட்பார்கள். அதைக் கேட்கத் தவறியவர்கள்தாம், பெட்டியைத் தலையிலே வைத்துக்கொண்டு எல்லை கடந்த அந்த 70 லட்சம் பேர். தவறியது அவர்கள் குற்றம் மட்டும் அல்ல. ஆனால் தண்டனை முழுவதும் அவர்களுக்கே விழுந்தது!